மெராரி புத்திரருக்கு நாலு வண்டி

ஜூலை 8, 2024, திங்கள்

ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்கு ஓய்வு. பிரசவத்துக்கு ஏது ஓய்வு? சனி ராத்திரியிலிருந்து இன்று விடியும்வரை லேபர் ரூமிலிருந்து வந்த துணி மட்டுமே லாண்டரி வாசலை அடைத்துக்கிடந்தது. ரத்தம் பட்டதைத் தனியே பிரித்து முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் ரத்தம் நூலோடு சேர்ந்து வெந்து, கறை கல்லாய் நின்றுவிடும். பச்சைத் தண்ணீர் அலசலுக்குப் பிறகு 71 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம். அப்புறம் பிளீச்சிங், அதற்கப்புறம் பிளீச்சிங் வாடை போகும்வரை அலசல். மடித்து, கட்டி, ஆட்டோகிளேவில் ஏற்றுவது சிஎஸ்எஸ்டி என்கிற எங்கள் கிருமிநீக்கப் பிரிவின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

மூட்டையைப் பிரிக்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். இன்று ஒரு டிரா ஷீட்டுக்குள் தையல் ஊசி ஒன்று நூலோடு கிடந்தது. லாண்டரி அண்ணாச்சி கண்டுபிடித்து இடுக்கியால் எடுத்தார். மேலே யாரோ அவசரத்தில் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள். அவசரம் அவர்களுக்கு, கை இவருக்கு. வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் ஊசியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டித்தான் சொன்னேன்.

புதிதாக ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள். அவள் அம்மாதான் கூட்டிவந்து விட்டார். நர்சிங் சேர்க்கப் பணமில்லை, மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை என்றால் கௌரவம் என்று நினைத்திருக்கிறார். பிள்ளை துணிக் குவியலைப் பார்த்ததும் முகம் வாடிப்போனது. மதியம் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எங்க அத்தை ஒரே சத்தம். கண்டவங்க தீட்டுத் துணிய அலசவா பிள்ளைய பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வச்சேன்னு அம்மாகிட்ட கேட்டாங்க."

அத்தை கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிள்ளை பெற்ற துணியையும் சாவு வீட்டுத் துணியையும் வெளுக்கும் வேலையை நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, அப்படிக் கட்டினதற்காகவே அவர்களை ஒதுக்கியும் வைத்தார்கள். கோயிலுக்குப் போகிற குடும்பங்களிலும் அந்த எண்ணம் செத்துவிடவில்லை. ஞாயிறன்று ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவோம், திங்களன்று யார் எந்தத் துணியைத் தொடுவது என்று பேசுவோம்.

இரவு மாற்கு ஐந்தாம் அதிகாரம் வாசித்தேன். 12 வருஷம் ரத்தப்போக்கோடு கிடந்தவள், கூட்டத்துக்குள் பின்னால் வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். மோசேயின் நியாயப்பிரமாணப்படி அவள் தொட்டது தீட்டு. அவரோ உடுப்பை மாற்றப் போகவில்லை, அவளை மகளே என்று கூப்பிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் அவர் நின்ற அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்பது யாரென்று கேட்டால், லேபர் ரூம் துணியை அலசுகிறவர்களைத்தான் காட்டுவேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலை சாப்பலில் போதகர் ஐயர் மிஷனரி சீகன்பால்கைப் பற்றிப் பேசினார். 1706ஆம் வருஷம் இதே ஜூலை 9ஆம் தேதிதான் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. எல்லாரும் அறிந்த கதை. எனக்கு அதில் பிடித்த பகுதியை ஐயர் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹாலே ஊரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆட்லர் என்ற அச்சுக்காரர் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். காகிதத்துக்குப் பொறையாறில் ஓர் ஆலை வைத்தார்கள். அங்கே கூழ் கரைத்தவர்கள், எழுத்தில் மை தடவியவர்கள், தாளைக் காயப்போட்டு எடுத்தவர்கள் எவருடைய பேரும் பிரசங்கத்தில் வராது. அவர்கள் ஓர் எழுத்தைத் தலைகீழாகக் கோத்திருந்தால் வசனம் தப்பாகியிருக்கும். சீகன்பால்கின் பக்தி எவ்வளவு பெரியதானாலும் அந்தத் தப்பைத் திருத்தியிருக்காது.

சாப்பல் முடிந்து வந்து முதல் வேலை, ஆட்டோகிளேவுக்கு போவி-டிக் சோதனை. அறைக்குள் காற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. காலியான அறையில் சோதனைக் கட்டை மட்டும் வைத்து, 134 டிகிரியில் மூன்றரை நிமிடம். வெளியே எடுத்துப் பிரித்தால் உள்ளே இருக்கிற தாள் ஓரம் முதல் நடுவரை ஒரே கறுப்பாக மாறியிருக்க வேண்டும். நடுவில் வெளிறியிருந்தால் அங்கே காற்று தங்கியிருந்தது, நீராவி போகவில்லை என்று அர்த்தம். இன்று நல்ல கறுப்பு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்தேன்.

பிள்ளைக்குக் கவுன் மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் விளக்குப் பலகையில் விரித்து ஓட்டை பார்க்க வேண்டும். குண்டூசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் தையலுக்குப் போக வேண்டியதுதான். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கைகளை உள்ளே விட்டு, நீளவாக்கில் மடித்து, விசிறி மடிப்பாகக் கழுத்துப் பகுதி மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். "ஏன்க்கா உள்பக்கத்த வெளிய வைக்கணும்?" என்றாள். டாக்டர் கை கழுவிவிட்டு வந்து எடுக்கும்போது அவர் விரல் உள்பக்கத்தை மட்டும்தான் தொட வேண்டும், நோயாளிப் பக்கம் இருக்கிற வெளிப்புறத்தை அவர்கூடத் தொடக் கூடாது என்றேன். மடிப்பைக் கையில் வைத்து இரண்டு மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். பிறகு தானாகவே, "அப்ப கடைசியா வேண்டியது அடியிலயும் முதல்ல வேண்டியது மேலயும் இருக்கணும், இல்லியாக்கா?" என்று கேட்டாள். மேலே கை துடைக்கிற டவல், அடியில் பெரிய ஷீட், நடுவில் ஹோல் டவல். சொல்லாமலே பிடித்துக்கொண்டாள்.

கட்டு 30 சென்டிமீட்டர் அகலம், 30 உயரம், 50 நீளத்துக்கு மேல் போகக் கூடாது, எடை ஐந்தரை கிலோவுக்குள். இறுக்கிக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், நீராவிதான் நடுவரை போகாது. என் அழகுக்கு அங்கே வேலை இல்லை.

ஜூலை 10, புதன்

தள்ளுவண்டியின் முன்சக்கரம் இன்றும் மக்கர் செய்தது. லாண்டரியிலிருந்து தியேட்டருக்கு ஏறுகிற சரிவில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் இடிக்கிறது. நனைந்த துணியின் கனம் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். லாண்டரிப் பெரியக்கா இப்போதெல்லாம் வண்டியை விட்டுவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே ஏறுகிறார். ராத்திரி கை தூக்க முடியவில்லை என்கிறார். வண்டி கேட்டு எழுதிக்கொடுத்த கடிதம் மேஜை மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

எண்ணாகமம் வாசித்துவருகிறேன். பலர் தாண்டிப் போய்விடுகிற புத்தகம், கணக்கும் பட்டியலுமாக இருக்கும். இன்று நாலாம் அதிகாரம். கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது லேவியரில் எந்தக் குடும்பம் எதைச் சுமப்பது என்று பிரிக்கிறார்கள். கோகாத் வம்சத்துக்கு உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு. கெர்சோன் வம்சத்துக்குத் திரைகள், தொங்கல்கள். மெராரி வம்சத்துக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். மெராரியில் வேலைக்கு எண்ணப்பட்டவர்கள் 3,200 பேர், மூன்று குடும்பத்திலும் அவர்கள்தான் அதிகம். பெட்டியைச் சுமக்கிறவனைக் கண்டால் ஜனம் ஒதுங்கி வழிவிட்டிருக்கும். முளை சுமக்கிறவனை யார் பார்த்திருப்பார்கள்? ஆனால் மெராரியர் சுமக்கிற சாமான்களைப் பேர் பேராக எண்ணி ஒப்படைக்கும்படி அங்கே கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு முளையும் கணக்கில் இருந்தது. ஒரு முளை குறைந்தால் அடுத்த பாளயத்தில் கூடாரம் காற்றுக்கு நிற்காது.

ஜூலை 12, வெள்ளி

மூட்டு மாற்று இரண்டு, குடலிறக்கம் இரண்டு, சிசேரியன் மூன்று. ஏற்றினோம், இறக்கினோம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல், வேதத்தில் நல்ல தேர்ச்சி. முடிவில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள், அவர்களுக்காகச் சபை கண்ணீரோடு ஜெபித்தது. மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் உலக வேலையில் இருக்கிறீர்கள், சம்பாதிப்பதில் ஊழியத்தைத் தாங்குங்கள் என்றார்.

நின்ற பிள்ளைகளுக்காக நானும் மனமார ஜெபித்தேன். இரண்டாவது சொன்னதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆறு நாள் செய்கிற வேலைக்கு மதிப்பு, அதில் மிஞ்சி ஏழாம் நாள் தட்டில் விழுகிற காசு மட்டும்தானா? என் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அக்கா இருந்தார். அவர் சமைப்பதில் பல்லியோ கல்லோ விழாமல் பார்த்துக்கொள்வது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் தேவன் காட்டுகிற பட்சம் இல்லையா? அனுதினமும் அப்பம் கேட்டு ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து விழுவதில்லை, அந்த அக்காவின் கரண்டி வழியாகத்தான் வருகிறது. மார்ட்டின் லூத்தர் 500 வருஷத்துக்கு முன்னால் இதற்காகத்தான் அப்படிப் போராடினார். துறவிக்கும் குருவுக்கும் மட்டும் தேவ அழைப்பு உண்டு என்றிருந்ததை மறுத்து, மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கிற பெண்ணுக்கும் பிள்ளைக்குத் துணி மாற்றுகிற தகப்பனுக்கும் அது உண்டென்று எழுதினார். நற்கிரியை தேவனுக்குத் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தேவை என்பது அவர் போதனை. இதைக் கேட்டு வளர்ந்த சபைகள்தான் நாம்.

ஒவ்வொரு மே 12ஆம் தேதியும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகள் விளக்கேந்தி உறுதிமொழி எடுப்பார்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்தநாள். 16 வயதில், 1837இல், தேவன் தன்னை ஊழியத்துக்கு அழைத்ததாக அவர் குறித்துவைத்திருக்கிறார். எந்த ஊழியம் என்று அப்போது அவருக்கே தெரியாது. 1854இல் ஸ்கூட்டாரி போர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே காயம்பட்டவர்கள் அழுக்குத் துணியில் பேனோடு கிடந்தார்கள். அம்மையார் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொதிகலன் வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கூலிக்கு அமர்த்தித் துணி துவைக்க ஏற்பாடு செய்தார். விளக்கைப் படத்தில் போட்டார்கள், அந்தக் கொதிகலனை ஒருவரும் வரையவில்லை. அவருக்கு வந்த அழைப்பு எங்கள் லாண்டரி மாதிரி ஓர் இடத்துக்கும் வந்து சேர்ந்தது என்பதை நர்ஸ் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

ராத்திரி முறை. ஒன்பதரைக்கு இறக்கிய லோடில் கட்டுகளின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. டேப்பில் கோடுகள் நன்றாகக் கறுத்திருந்தன, நீராவி பட்டிருக்கிறது. ஆனால் ஈரக் கட்டை வெளியே வைத்தால் வெளியிலிருக்கிற கிருமியை ஈரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரமான கட்டு ஸ்டெரைல் இல்லை. இதில் இரண்டு பேச்சுக் கிடையாது.

அந்த நேரம் பார்த்து அவசர சிசேரியன் ஒன்று. தியேட்டர் சிஸ்டர் போனில், "கோடு கறுத்திருக்குல்லா, அனுப்பு" என்றார். முடியாது சிஸ்டர் என்றேன். குரல் உயர்ந்தது. அவர் மேல் குற்றமில்லை, மேஜையில் ஒரு தாய் கிடக்கிறாள். நேற்றைய தேதி போட்ட காய்ந்த கட்டு ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது, இன்னொன்று கண் தியேட்டரில் இருந்தது. பிள்ளை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் வாங்கிவந்தாள். இரண்டையும் அனுப்பிவிட்டு, ஈர லோடு முழுவதையும் பிரித்துத் திரும்பத் துவைக்கப் போட்டோம். மெக்கானிக் தம்பி வந்து ஸ்டீம் ட்ராப்பைக் கழற்றினார். உள்ளே துருவும் கசடும் அடைத்து, நீராவியோடு தண்ணீரும் வந்திருக்கிறது. துடைத்து மாட்டி, ஒரு சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்தபோது மணி ஒன்றரை.

விடியும்முன் பிள்ளை கேட்டாள்: "அந்த அம்மாவுக்கு நீங்க செஞ்சது தெரியுமாக்கா?" தெரியாது. அவருடைய பேர்கூட எனக்குத் தெரியாது. என்ன சாதி, என்ன மதம், ஆணா பெண்ணா பிறந்தது, எதுவும் கட்டின்மேல் எழுதியிராது. லேபிளில் இருப்பது தேதி, இயந்திர எண், லோடு எண், கட்டினவர் எழுத்து. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னதற்கு இந்த வேலையில் தனியாகப் பிரயாசப்பட வேண்டியதே இல்லை, வேலையின் அமைப்பே அப்படித்தான்.

வேலை செய்யும்போது ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினால் வேலை பரிசுத்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் பாடுகிறவள்தான். ஆனால் ஈரக் கட்டைப் பாட்டோடு அனுப்பினாலும் அது ஈரக் கட்டுதான். கட்டு காய்ந்திருக்க வேண்டும். அந்தத் தாயின் வயிற்றில் சீழ் பிடிக்கக் கூடாது. என் பக்திக்கு முதல் சோதனை அங்கேதான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. மேற்கே மலையில் சாரல், இங்கே வெறும் காற்று. கொடியில் போட்ட வார்டு போர்வைகளில் செம்மண் அப்பிவிட்டது. பாதியை மறுபடி அலசினோம். மொகரம் விடுமுறை என்பதால் ஆள் குறைவு. பகல் முழுவதும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

ஜூலை 19, வெள்ளி

நிர்வாக அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி, நல்ல ரப்பர் கையுறை, பெரியக்காவின் சம்பள உயர்வு, மூன்றையும் பற்றிப் பேசினேன். பிளீச்சிங்கில் வெடித்துப்போன பெரியக்காவின் விரல்களை மேஜைமேல் வைக்கச் சொல்லிக் காட்டினேன். அலுவலர் நல்ல மனிதர்தான். "இது ஊழியம்னு நினைச்சு செய்றீங்கம்மா, கர்த்தர் பலன் தருவார்" என்று தொடங்கினார்.

அந்த இடத்தில் நான் பேச வேண்டியிருந்தது. கர்த்தர் தருவது அவர் காரியம் சார், நாம் தர வேண்டியது ஒன்று இருக்கிறதே என்றேன். நேற்றிரவுதான் எண்ணாகமம் ஏழாம் அதிகாரம் வாசித்திருந்தேன். பிரபுக்கள் கூடாரத்துக்கென்று ஆறு வண்டிகளும் 12 மாடுகளும் கொண்டுவருகிறார்கள். மோசே அவற்றைப் பங்கிடுகிறார். பெட்டியைத் தோளில் சுமக்கிற கோகாத்தியருக்கு ஒன்றும் இல்லை. திரை சுமக்கிற கெர்சோனுக்கு இரண்டு வண்டி, நாலு மாடு. பலகையும் தூணும் முளையும் சுமக்கிற மெராரிக்கு நாலு வண்டி, எட்டு மாடு. அவரவர் வேலைக்குத் தக்கபடி. முளை சுமப்பதும் பரிசுத்தமான வேலை என்று மோசே பிரசங்கம் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம். கனம் எங்கே இருக்கிறதோ அங்கே வண்டியை அனுப்பினார். இதை அவரிடம் வேதத்தைத் திறந்தே காட்டினேன். கூலிக்காரருக்குப் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதையும் சொன்னேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் இல்லை, எத்தனையோ மிஷன் பள்ளிக்கூடங்களிலும் விடுதிகளிலும் சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் தோட்டக்காரருக்கும் அர்ப்பணிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சேமநல நிதியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருவர் தன் வேலையைத் தேவனுக்கென்று செய்வது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ளது. அதைக் காட்டி மேலே இருப்பவர் அவருடைய கூலியைக் குறைப்பது களவு. இதைச் சொல்ல எனக்குப் பயம் இல்லை.

வண்டிக்கும் கையுறைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். சம்பளம் கமிட்டிக்குப் போக வேண்டுமாம். அடுத்த கமிட்டி எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கையில் நர்சிங் பள்ளி விண்ணப்பம், ஜிஎன்எம் மூன்று வருஷப் படிப்பு. கல்விக் கடனுக்கு வங்கியில் கேட்டிருக்கிறார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கர்த்தர் வச்ச இடத்துல உண்மையா இருக்கணும்னு சொல்லிட்டு, நான் போகணும்னு ஜெபிச்சா தப்பா?" என்றாள்.

தப்பே இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அடிமையாய் அழைக்கப்பட்டவன் அதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்கிறார், கூடவே விடுதலையாகிற வழி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள் என்றும் சொல்கிறார். முதல் பாதியை மட்டும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவது அநியாயம். நான் இங்கே இருப்பது எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதால், இதைச் செம்மையாகச் செய்யத் தெரிந்திருப்பதால். அவளுக்கு நோயாளி முகம் பார்க்க ஆசை. அந்த ஆசையை வைத்தவரும் அவரே. போகிறவரைக்கும் கட்டு ஒழுங்காகக் கட்டு, போனபிறகு ஊசியைத் துணியில் சுருட்டிப் போடாதே என்றேன். சிரித்தாள்.

அவள் அத்தையும் கூட வந்திருந்தார். பேச்சுவாக்கில், ஈரக் கட்டை அனுப்ப மறுத்த கதையைப் பிள்ளையே அத்தைக்குச் சொன்னாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "ஆட்டோகிளேவுன்னா குக்கர் மாதிரியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் அத்தை என்று விளக்கமாகவே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை மேஜையில் வைத்து நிரப்பினோம். பேர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற சபை, மதிப்பெண். முன் அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப் பேனாவை வைத்தாள். கையைப் பிடித்து நிறுத்தி, லாண்டரி, சிஎஸ்எஸ்டி என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். குருவானவர் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை. புதன் உபவாச ஜெபத்துக்கு வருவார், அப்போது வாங்கிக்கொள்ளலாம்.